பூச்சியம் என்று யார் சொன்னார்கள்?

(பதினோராம் வகுப்பு, கணிதப் பிரிவு மாணவியர் மூவர்)

விடுதியில் மாலைப் படிப்பு நேரத்தில் கீழ் வகுப்புத் தங்கைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு எங்கள் மூவருக்கும் கிடைத்தது. சிற்றுண்டி முடிந்து, இரவுச் செபமாலைக்கு மணி அடிக்கும் வரை, நீண்ட மேசையின் ஓர் ஓரத்தில் நாங்கள் அமர்ந்திருப்போம். சந்தேகம் உள்ளவர்கள் நோட்டுப் புத்தகத்துடன் வருவார்கள். அப்படி வந்தவர்களுள் ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, அரையாண்டுத் தேர்வின் விடைத்தாளை எங்கள் முன் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். கண்கள் சிவந்திருந்தன. அந்தத் தாள்தான் இக்கட்டுரையை எழுத எங்களைத் தூண்டியது.

கேள்வி இதுதான். சுருக்குக: (க + 1)/2 + (க − 1)/3.

(நோட்டில் ஆங்கில எழுத்தைப் போடுகிறோம். நம் ஆண்டு மலரில் தமிழ் எழுத்தே இருக்கட்டும் என்று இங்கே ‘க’ என வைத்திருக்கிறோம். எழுத்து எதுவானால் என்ன? கணக்கு மாறுவதில்லை.)

அவள் எழுதியிருந்ததைப் படியுங்கள். 2-க்கும் 3-க்கும் பொது மடங்கு 6. ஆகவே 6-ஆல் பெருக்கினாள். 3(க + 1) + 2(க − 1) என்று வந்தது. அடைப்புகளை நீக்கி 3க + 3 + 2க − 2 என்றாள். ஒத்த உறுப்புகளைச் சேர்த்து 5க + 1 என்றாள். அடுத்த வரியில் 5க + 1 = 0. அதற்கடுத்து 5க = −1. கடைசியில், கட்டம் போட்டு, அழகான கையெழுத்தில்: க = −1/5.

கூட்டலில் பிழையில்லை. பெருக்கலில் பிழையில்லை. அடித்தல் திருத்தல்கூட இல்லை. இருந்தும் அந்தக் கணக்குக்கு ஒரு மதிப்பெண்ணும் கிடைக்கவில்லை. “எந்த வரி தப்புன்னு சொல்லுங்கக்கா. எல்லாம் சரியாத்தானே இருக்கு?” என்று அவள் கேட்டபோது, எங்களுக்கே ஒரு கணம் விடை சொல்ல வரவில்லை. நாங்களும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே தவற்றைச் செய்தவர்கள்தாம்.

பிறகு எங்களில் ஒருத்தி அந்த 5க + 1 = 0 என்ற வரியில் விரலை வைத்து, “இங்கே பூச்சியம்னு உனக்கு யாரு சொன்னா?” என்று கேட்டாள். தங்கை விழித்தாள். “யாரும் சொல்லலைக்கா. ஆனா கடைசியில ‘க’ என்னன்னு கண்டுபிடிக்கணுமில்ல?”

இந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது என்று நாங்கள் எண்ணுகிறோம். அவளுக்குக் கணக்கு வரவில்லை என்பதன்று நோய். தன்னிடம் கேட்கப்பட்டது என்ன என்பதே அவளுக்குத் தெரியவில்லை. கோவைக்கும் சமன்பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஏழாம் வகுப்பில் ஒரே வரியில் படித்தோம், பரீட்சைக்கு எழுதினோம், மறந்தோம். அந்த ஒரு வரி போதாது என்பதும், போதாதது மட்டுமன்றி அதுவே குழப்பத்திற்குக் காரணமாகிறது என்பதும் எங்கள் தாழ்மையான கருத்து.

அந்தத் தங்கையின் தாயார் ஊரில் பேருந்து நிலையத்தின் அருகே பழக்கடை வைத்திருப்பவர். ஆகவே வாழைப்பழத்திலேயே தொடங்கினோம். கடையில் 3 சீப்பு இருக்கிறது. உதிரியாக 5 பழங்கள் கிடக்கின்றன. ஒரு சீப்பில் எத்தனை பழம் என்று தெரியாது. ‘க’ என்று வைத்துக்கொள். மொத்தம் எத்தனை? “3க + 5” என்றாள். மேலும் 2 சீப்பு வந்திறங்குகிறது. உதிரியில் ஒன்று அழுகிப் போய்விட்டது. இப்போது? “3க + 5 + 2க − 1.” சுருக்கிச் சொல். “5க + 4.” சரி, இத்துடன் கணக்கு முடிந்ததா? அவள் தயங்கினாள். “முடியலையே அக்கா, ‘க’ தெரியலையே.”

“உன் அம்மா கடையிலே ஒரு சீப்பில் எத்தனை பழம் இருக்கும்?”

“அது தாருக்குத் தார் மாறும். பூவன்ல ஒரு மாதிரி, நாட்டுப்பழத்துல ஒரு மாதிரி.”

அதுவேதான்! சீப்பு எத்தனை பழமானாலும், கடையிலுள்ளது 5க + 4. பத்துப் பழச் சீப்பானால் 54, பன்னிரண்டானால் 64, பதினைந்தானால் 79. இதில் கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை. சிதறிக் கிடந்ததை ஒழுங்காக அடுக்கிச் சொன்னோம், அவ்வளவே. ஆனால் வாங்க வந்தவர் எண்ணிப் பார்த்து, “மொத்தம் 64 பழம் இருக்கிறது” என்று சொன்னாரானால், அது புதுச் செய்தி. 5க + 4 = 64. இப்போது ‘க’ தன் இஷ்டத்துக்கு இருக்க முடியாது. அது 12-ஆகத்தான் இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் வந்து ஒரு செய்தி சொன்னால்தான் சமன்பாடு. ஒருவரும் ஒன்றும் சொல்லாதபோது நாமாக ‘64’ என்றோ ‘பூச்சியம்’ என்றோ எழுதினால், அது இல்லாத வாடிக்கையாளர் சொன்னதாகக் கணக்கு எழுதுவதற்குச் சமம். பழக்கடைக்காரர் மகளுக்கு இது உடனே விளங்கிற்று. “5க + 4 = 0-ன்னா கடையில பழமே இல்லைன்னு ஆயிடுமேக்கா!” என்று சிரித்துவிட்டாள்.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ‘க’ என்பது சீப்பு அன்று. ஒரு சீப்பிலுள்ள பழங்களின் எண்ணிக்கை. “ஆ என்றால் ஆப்பிள், மா என்றால் மாம்பழம்” என்று சொல்லித் தருவது எளிதாகத் தோன்றினாலும், பின்னால் தொல்லை தருகிறது. 3 ஆப்பிளையும் 2 மாம்பழத்தையும் கூட்டலாம். ஆப்பிளை மாம்பழத்தால் பெருக்குவது எப்படி? எழுத்து எப்போதும் ஓர் எண்ணின் இடத்தில் நிற்பது. இதை முதல் நாளே உறுதியாகச் சொல்லிவிட்டால் நல்லது.

இனி அந்த ஒரு வரிக்கு வருவோம். “சமக்குறி இருந்தால் சமன்பாடு, சமக்குறி இல்லாவிட்டால் கோவை.” நாங்கள் எல்லோரும் மனப்பாடம் செய்தது இது. கேள்வித்தாளைப் பார்க்கும்போது இது சரிதான். ஆனால் விடைத்தாளைப் பாருங்கள். கோவையைச் சுருக்கும்போது ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ‘=’ என்று போட்டுக்கொண்டே இறங்குகிறோம். நான்காம் வரியில் இருக்கும் ஒரு தங்கை தன் தாளை நிமிர்ந்து பார்த்தால், பக்கம் முழுவதும் சமக்குறி! விதிப்படி இது சமன்பாடு ஆகிவிட்டதே! ஆகவே அவள் சமன்பாட்டுக்குச் செய்வதைச் செய்யத் தொடங்குகிறாள். விதியை மறந்ததனால் அன்று, விதியை நம்பியதனாலேயே அவள் வழுக்கினாள்.

உண்மையில் ஒரே குறி இரண்டு வேலை பார்க்கிறது. 2(க + 3) = 2க + 6 என்று எழுதும்போது, “இவை இரண்டும் ஒன்றே; ‘க’-வுக்கு எந்த எண்ணை வேண்டுமானாலும் போட்டுப் பார்த்துக்கொள்” என்று உறுதி கூறுகிறோம். 1 போட்டால் இருபுறமும் 8. 10 போட்டால் இருபுறமும் 26. முற்றொருமை என்று பாடநூல் கூறுவது இதைத்தான். 2(க + 3) = 14 என்று எழுதும்போதோ, நாம் ஒன்றும் உறுதி கூறவில்லை; “எந்த ‘க’-வுக்கு இது உண்மையாகும்?” என்று கேட்கிறோம். 4-க்கு உண்மை, 5-க்குப் பொய். முதலாவது வாக்கு, இரண்டாவது வினா. வாக்கையும் வினாவையும் ஒரே குறியால் எழுதிவிட்டு, குறியைப் பார்த்துப் பிரித்துக்கொள் என்றால் குழந்தைகள் என்ன செய்வார்கள்?

ஆகவே நாங்கள் எங்கள் மேசையில் அந்த விதியை மாற்றிக்கொண்டோம். “சமக்குறி இருக்கிறதா?” என்று கேட்பதில்லை. “சமக்குறியைப் போட்டது யார்? கேள்வி போட்டதா, நீ போட்டதா?” என்று கேட்கிறோம். கேள்வி போட்டிருந்தால் அது செய்தி. அதை வைத்துத் தேடு. நீ போட்டாயானால் அது உன் வாக்கு. இருபுறமும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள். இலக்கணச் சுத்தமான வரையறை இது என்று சொல்ல மாட்டோம். எங்கள் கணித ஆசிரியை இதில் இரண்டு குறைகளைக் காட்டினார்கள். “2(க + 3) = 2க + 6 என நிறுவுக” என்று கேள்வியே முற்றொருமையைத் தரலாம் என்பது ஒன்று. வாழைப்பழக் கணக்கைப் போன்ற எழுத்துக் கணக்குகளில் செய்தியைப் படித்து நாமேதான் சமக்குறி போட வேண்டியிருக்கிறது என்பது மற்றொன்று. உண்மைதான். இரண்டாவதற்கு மட்டும் ஒரு சமாதானம் உண்டு: அங்கே குறியைப் போடுவது நாமானாலும், செய்தியைச் சொல்வது கேள்வியே. எப்படியாயினும் ஒன்பதாம் வகுப்புத் தேர்வு அறையில் அழுகையை நிறுத்த இது போதுமானதாக இருக்கிறது.

‘கோவை’ என்ற சொல்லே அழகானது. அதைக் கேட்டதும் எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி பஞ்சாலை நகரத்தை நினைத்துக்கொண்டு, “அந்த ஊருக்கும் கணக்குக்கும் என்னக்கா?” என்றாள். கோத்தது கோவை. மணிகளைக் கோத்தால் மாலை; உறுப்புகளைக் கூட்டல் கழித்தல் குறிகளால் கோத்தால் கோவை. செபமாலையைக் கையில் எடுத்த ஒருவரிடம் “இதற்கு விடை என்ன?” என்று யாரும் கேட்பதில்லை அல்லவா?

இந்தக் குழப்பம் நேற்று வந்ததன்று என்பதை நூலகத்தில் தேடியபோது அறிந்து சற்று ஆறுதல் அடைந்தோம். 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் எழுதிய பீஜகணிதத்தில் சமக்குறியே கிடையாது. தெரியாத முதல் எண்ணை ‘யாவத்தாவத்’ என்றும், மற்றவற்றைக் கறுப்பு, நீலம் என நிறங்களின் பெயர்களாலும் குறித்து, யா, கா, நீ என்று முதலெழுத்தை மட்டும் எழுதினார்கள். (எங்கள் ‘க’-வுக்கும் முன்னோர் உண்டு என்று மகிழ்ந்தோம்.) சமன்பாட்டின் இரு பக்கங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தார்கள். கீழே இன்னொரு வரி இருக்கிறது என்றாலே அது இரு பக்கமுள்ள கணக்கு என்று கண்ணுக்குத் தெரியும். இன்று நாம் போடும் இரட்டைக் கோட்டை 1557-இல் அச்சான ஒரு நூலில் அறிமுகப்படுத்தியவர் வேல்ஸ் நாட்டில் பிறந்த ராபர்ட் ரெக்கார்டு என்ற மருத்துவர். ‘இதற்குச் சமம்’ என்று திரும்பத் திரும்ப எழுதுவதைத் தவிர்க்கவே அதைப் போட்டார். இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான வேறு இரு பொருள்கள் இல்லை என்று காரணமும் சொன்னார். அவர் போட்டது சமன்பாடுகளுக்கு. அதுவே பின்னால் எல்லா வேலைக்கும் வந்து சேர்ந்தது.

‘அல்ஜீப்ரா’ என்ற பெயரும் அப்படியே. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் நூற்பெயரில் உள்ள ‘அல்-ஜபர்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து அது வந்தது. ஒரு பக்கத்தில் கழிந்து நிற்பதை மறுபக்கத்தில் கூட்டி நிரவுவது என்பது அதன் கருத்து. பாடத்தின் பெயரே இரண்டு பக்கம் உள்ள கணக்கைப் பற்றியது! ஒரே பக்கம் உள்ள கோவையில் ‘அந்தப் பக்கம் கொண்டு போக’ இடம் ஏது?

தராசை வைத்துச் சமன்பாட்டை விளக்குவது வழக்கம். நல்ல விளக்கம். இரண்டு தட்டிலும் ஒரே அளவு ஏற்றலாம், இறக்கலாம், இரண்டையும் ஆறு மடங்காக்கலாம், முள் அசையாது. ஆனால் கோவைக்குத் தராசு கிடையாது. அது ஒற்றைப் பொட்டலம். பிரித்து வேறு காகிதத்தில் கட்டலாம். சிறிதாக, அழகாகக் கட்டலாம். எடையில் ஒரு குன்றிமணி கூடவோ குறையவோ கூடாது. அந்தத் தங்கை 6-ஆல் பெருக்கினாளே, அங்கேதான் பொட்டலம் ஆறு மடங்காகிவிட்டது. பூச்சியத்துக்கு முன்பே நேர்ந்த பிழை அது. நாங்கள் அதைக் கவனிக்கவே சற்று நேரம் ஆயிற்று. 6-ஆல் பெருக்கினால் 6-ஆல் வகுக்கவும் வேண்டும். ஆகவே விடை (5க + 1)/6. அந்த 6 கீழே நின்றே தீர வேண்டும்.

பகுதியிலுள்ள எண்ணைத் தொலைப்பதுதான் நாங்கள் மிக அதிகமாகக் கண்ட பிழை. சமன்பாட்டில் பகுதியை ஒழிக்கலாம் என்று கற்ற கை, கோவையிலும் ஒழித்துவிடுகிறது. இதைத் தடுக்க அறிவுரை பயன்படுவதில்லை; சோதனை பயன்படுகிறது. ‘க’-வுக்கு 1 போட்டுப் பார். கேள்வியில் 2/2 + 0/3, அதாவது 1. நம் விடையில் (5 + 1)/6, அதுவும் 1. தங்கையின் 5க + 1-இல் போட்டால் 6. ஒன்று ஆறாகிவிட்டது, பொட்டலம் பிரிந்துவிட்டது என்று அவளே கண்டுகொள்ளலாம். ஓர் எண்ணைப் போட்டு ஒத்துவந்தால் விடை சரியென்று நிறுவியதாகாது; தற்செயலாகவும் ஒத்துவரலாம். ஒத்துவராவிட்டாலோ தவறு என்பது நிச்சயம். தேர்வு அறையில் அரை நிமிட வேலை.

அதே கோவையைச் சமன்பாடாக்கி அருகில் வைத்துக் காட்டினோம்: (க + 1)/2 + (க − 1)/3 = 6. இப்போது இரண்டு தட்டு இருக்கிறது. தாராளமாக 6-ஆல் பெருக்கு. 5க + 1 = 36; 5க = 35; க = 7. போட்டுப் பார்: 8/2 + 6/3 என்பது 4 + 2. முள் நேராக நிற்கிறது. இரண்டு கணக்கும் ஒரே பக்கத்தில் அருகருகே இருந்தபோது மூன்று தங்கைகளுக்கு ஒரே நேரத்தில் விளங்கியது. பாடநூலிலோ கோவை ஓர் அதிகாரம், சமன்பாடு வேறோர் அதிகாரம். கோவை அதிகாரத்தின் பயிற்சியில் எல்லாம் கோவை என்று தெரியும், யோசிக்க வேண்டியதில்லை. தேர்வில்தான் இரண்டும் முதன்முதலாகச் சந்திக்கின்றன. சந்திப்பைச் சற்று முன்னதாகவே வகுப்பறையில் நடத்தக் கூடாதா? கலந்த பயிற்சியாக வாரம் நான்கு கணக்குப் போதும். விடை காண்பதுகூட வேண்டாம், “இது சுருக்குவதா, தீர்ப்பதா, நிறுவுவதா?” என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

பெற்றோர்களிடமும் ஒரு விண்ணப்பம். வீட்டுக் கணக்குத் துண்டுச் சீட்டில் பெரியவர்கள் எழுதுவதைப் பார்த்திருக்கிறோம்: 18 × 2 = 36 + 50 = 86. பேருந்துக் கட்டணம் இரண்டு பேருக்கு, பிறகு காய்கறிக்கு ஐம்பது. கூட்டு சரிதான். ஆனால் எழுதியபடி படித்தால் பதினெட்டை இரண்டால் பெருக்கினால் எண்பத்தாறு என்றாகிறது! எங்கள் வீடுகளிலும் இப்படித்தான். குற்றம் காண்பதற்காகச் சொல்லவில்லை. சமக்குறி என்றால் ‘இதோ விடை வருகிறது’ என்று அறிவிக்கும் மணி என்ற எண்ணம் இங்கிருந்துதான் எங்கள் மனத்தில் வேர் விடுகிறது. அந்த மணி அடித்தால் ஓர் எண் வந்தே ஆக வேண்டும். 5க + 4 என்பது அரைகுறையாகத் தோன்றுகிறது. எனவே ஒருத்தி அதை 9க ஆக்குகிறாள். இன்னொருத்தி பூச்சியத்தைத் துணைக்கு அழைக்கிறாள். பிள்ளையின் நோட்டைப் பார்க்கும் தந்தையார், “எல்லாம் சரி, விடை எங்கே?” என்று கேட்கும்போது, அருள்கூர்ந்து ஒரு கணம் நினைத்துப் பாருங்கள், அந்தக் கோவையே விடையாக இருக்கலாம்.

“இதற்கு இவ்வளவு பெரிய கட்டுரையா? ‘சுருக்குக’ என்றால் சுருக்கு, ‘தீர்க்க’ என்றால் தீர். சொல்லைப் பார்த்துச் செய்ய வேண்டியதுதானே?” என்று எங்கள் வகுப்புத் தோழியரே கேட்டனர். சொல்லைப் பார்த்துச் செய்பவள் சொல் மாறினால் என்ன செய்வாள்? வாழைப்பழக் கணக்கில் ‘சுருக்குக’ என்றும் இல்லை, ‘தீர்க்க’ என்றும் இல்லை. வாழ்க்கையில் எந்தக் கணக்கும் அப்படித் தலைப்புப் போட்டுக்கொண்டு வருவதில்லை.

விடுதிச் சகோதரி சொன்ன மறுப்பு இதைவிடக் கனமானது. இப்படிப்பட்ட குழப்பங்கள் மேல் வகுப்பில் தாமே தெளிந்துவிடும், நீங்களே தெளியவில்லையா என்றார்கள். நாங்கள் தெளிந்தோம், மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் மேல் வகுப்பில் கணிதப் பிரிவுக்கு வந்தவர்கள். தெளியாதவர்கள் வரவே இல்லையே! பத்தாம் வகுப்பு முடிந்ததும், “எனக்குக் கணக்கு வராது” என்று சொல்லி வேறு பிரிவுக்குப் போனவர்களை எங்களுக்குத் தெரியும். வேறு பிரிவு தாழ்ந்ததன்று. விரும்பிப் போனால் மகிழ்ச்சி. ஆனால் பயந்து போவது வேறு. பதினைந்து வயதில் கணக்கை விட்டவளுக்குப் பிறகு எத்தனை கதவுகள் சாத்திக்கொள்கின்றன! அந்த ஒன்பதாம் வகுப்புத் தங்கையிடம் அவள் தந்தையார் விடைத்தாளைப் பார்த்துவிட்டு, “பொம்பளைப் பிள்ளைக்குக் கணக்கு எதுக்கு, அடுத்த வருசத்தோட போதும்” என்று சொல்லியிருக்கிறார். அவர்மீது எங்களுக்குக் கோபமில்லை. அவர் கையில் இருந்த ஒரே சான்று அந்தச் சிவப்பு மையிட்ட தாள்தான். அதில் பிழையின்றி இருந்த கூட்டலும் பெருக்கலும் அவருக்கு எப்படித் தெரியும்?

பெண்களுக்குக் கணக்கு எதற்கு என்ற பேச்சு எழும்போதெல்லாம் எங்களுக்கு நினைவு வருபவர் மரியா கயத்தானா அன்னேசி. 1718-இல் இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தவர். கன்னியர் மடத்தில் சேர விரும்பியும் தந்தையார் இசையாததால் வீட்டிலேயே தங்கிக் கணிதம் கற்றார். 1748-இல் இரண்டு பெரும் தொகுதிகளாக அவர் வெளியிட்ட நூல், இயற்கணிதத்தில் தொடங்கி நுண்கணிதம் வரை படிப்படியாக ஏறுவது. கற்றோர் மொழியாகிய இலத்தீனில் எழுதாமல் இத்தாலிய மொழியில் எழுதினார். திருத்தந்தை 14-ஆம் பெனடிக்ட் அந்நூலைப் பாராட்டி, 1750-இல் அவரைப் பொலோஞா பல்கலைக்கழகத்தின் கணிதப் பதவிக்கு நியமித்தார். அவர் அங்கே போகவில்லை. 1752-இல் தந்தையார் மறைந்தபின், 1799-இல் தாம் இறக்கும் வரை, ஏழைகளுக்கும் நோயுற்ற பெண்களுக்கும் பணி செய்து வாழ்ந்தார். அவரும் கணிதத்தை விட்டவர்தாமே என்று ஒருத்தி கேட்டாள். விட்டார், ஏறி உச்சியைக் கண்டபின் விட்டார். முதற்படியிலேயே வழுக்கி விட்டவர் அல்லர்.

மதிப்பெண் விஷயத்தில் மட்டும் எங்கள் மூவருக்குள்ளும் ஒத்த கருத்து இல்லை. இருவர், அடைப்பு நீக்கியதற்கும் ஒத்த உறுப்புகளைச் சேர்த்ததற்கும் பாதி மதிப்பெண்ணாவது தந்திருக்கலாம் என்கிறோம். மூன்றாமவள் ஒப்பவில்லை, கேட்காத கேள்விக்கு எழுதிய விடை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது விடையாகாது, பூச்சியம் போட்டது சரியே என்கிறாள். ஆனால் அந்தப் பூச்சியத்தின் அருகே “இது சமன்பாடு அன்று” என்று மூன்று சொல் எழுதியிருந்தால், தங்கை இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருக்க மாட்டாள் என்பதில் மூவரும் ஒன்றுபடுகிறோம். ஒரு வகுப்பின் தாள்களை ஓர் இரவில் திருத்தும் ஆசிரியைகளின் கைவலியை அறியாமல் இதைச் சொல்லவில்லை.

சென்ற வாரம் அதே தங்கை மீண்டும் வந்தாள். கழித்தல் கணக்கு: (க + 1)/2 − (க − 1)/3. அவள் விடை (க + 1)/6. பகுதியில் 6 பத்திரமாக இருந்தது. பூச்சியம் எங்கும் இல்லை. நாங்கள் வாய் திறக்குமுன், “1 போட்டுப் பார்த்தேன்க்கா. கேள்வியில 1 வருது, என் விடையில மூணுல ஒரு பங்குதான் வருது. எங்கேயோ தப்பு இருக்கு, எங்கேன்னுதான் தெரியலை” என்றாள். −2-ஐ −1-ஆல் பெருக்கி −2 என்று எழுதியிருந்தாள். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்த எங்களைக் கையால் தடுத்துவிட்டு, பென்சிலைக் கடித்துக்கொண்டு அவளே தேடத் தொடங்கினாள். அதற்குள் செபமாலைக்கு மணி அடித்துவிட்டது.